பாஸ்பேட் 'இல்லாத' குட்டை ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது?

கேள்வி கேட்டவருக்கு ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார். தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறியதும் யாரோ சொன்னதைக் கேட்டு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரம் போடுவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் பாஸ்பேட் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று முடிவு வந்திருக்கிறது. குட்டையோ அதே பச்சையில் நிற்கிறது. "பாஸ்பேட்டே இல்லாத தண்ணீரில் பாசி எதைத் தின்று வளர்கிறது? லேப்பில் தப்பாகப் பார்த்துவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

லேப் பார்த்தது சரிதான். சேலத்தில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியதில் இந்தக் கேள்வியை நான் பல வடிவங்களில் சந்தித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கும். நாம் தண்ணீரை அளக்கிறோம், சரக்கு பாசியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் பகல் இரண்டு மணிக்குப் போய், தரையில் கிடக்கும் மூட்டைகளை எண்ணி, இங்கே வியாபாரமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? விடியற்காலையில் வந்த சரக்கு எல்லாம் கைமாறிப் போயிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டும் அப்படித்தான். 1950களில் ரிக்லர் என்ற ஆய்வாளர் கனடா ஏரிகளில் கதிரியக்க பாஸ்பரஸ்-32ஐ விட்டு, அது எவ்வளவு வேகமாகக் கரைசலை விட்டு உயிர்களுக்குள் போகிறது என்று பார்த்தார். கோடைக்கால ஏரி நீரில் அந்தக் கணக்கு நிமிடங்களில் வந்தது. மீனும் நுண்ணுயிரும் ஒரு பக்கம் பாஸ்பேட்டைக் கழித்துக்கொண்டே இருக்கின்றன. பாசியும் பாக்டீரியாவும் மறுபக்கம் அதை உடனே இழுத்துக்கொள்கின்றன. நடுவில் கரைந்து நிற்பது மிகக் கொஞ்சம். உங்கள் அறிக்கையில் வந்த பூஜ்யம் பாசி மிச்சம் வைத்தது, அவ்வளவுதான்.

சரி, பாசிக்கு இது எதற்கு? நம் ஊரில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்றாகச் சொல்வோம், அதில் நடுவில் இருப்பதுதான் பாஸ்பரஸ். மணி பிடிக்க உதவுவதால் அந்தப் பெயர். பாசிக்குக் கதிரும் இல்லை, மணியும் இல்லை, ஆனாலும் இது இல்லாமல் ஒரு செல் இரண்டாகாது. டிஎன்ஏவின் முதுகெலும்பு சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சரம். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் பாஸ்போலிப்பிட் இருக்கிறது. செல்லின் சில்லறைக் காசான ஏடிபியில் மூன்று பாஸ்பேட். ஒளிச்சேர்க்கையே பாஸ்பேட் இல்லாமல் நடக்காது: கார்பன் டைஆக்சைடு செல்லுக்குள் போனதும் முதலில் எதுவாக மாறுகிறது என்று மெல்வின் கால்வின் குழுவினர் கண்டுபிடித்தபோது கிடைத்த விடை பாஸ்போகிளிசரிக் அமிலம். அந்த ஆய்வுக்குப் பயன்பட்டவை குளோரெல்லா, செனிடெஸ்மஸ் என்ற இரண்டு நன்னீர்ப் பச்சைப்பாசிகள், அதாவது உங்கள் குட்டையில் இந்த நிமிடம் மிதந்துகொண்டிருக்கக் கூடியவை. 1961இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாசிக்கு யாரும் மாலை போடவில்லை.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக பாஸ்பரஸை விழுங்குவது ரைபோசோம். புரதம் செய்யும் இந்தப் பட்டறைகள் பெரும்பாலும் ஆர்என்ஏவால் ஆனவை. வேகமாக வளரும் செல்லுக்குப் பட்டறைகள் நிறைய வேண்டும், பட்டறைக்கு பாஸ்பேட் வேண்டும். வளர்ச்சி வேகமும் பாஸ்பரஸ் தேவையும் கூடவே ஏறுவதற்கு இதுதான் காரணம். பொதுவாகப் பாசியின் உலர் எடையில் ஒரு சதவீதம் அளவுக்கு பாஸ்பரஸ் இருக்கும். பட்டினி கிடக்கும் செல்லில் அதில் ஒரு சிறு பங்கு, வயிறு நிறைந்த செல்லில் இரண்டு மூன்று மடங்கு. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது.

உள்ளே எப்படிப் போகிறது? பாசி நேரடியாக எடுத்துக்கொள்வது ஆர்த்தோபாஸ்பேட் என்ற ஒற்றை பாஸ்பேட் அயனியை. அது எதிர்மின்சுமை உடையது. செல்லின் உட்புறமும் எதிர்மின்சுமைதான். போதாததற்கு, உள்ளே இருக்கும் பாஸ்பேட் வெளியே இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல ஆற்றல் செலவழித்துத்தான் இழுக்க வேண்டும். இதற்குச் சவ்வில் தனிப் புரத வாசல்கள் இருக்கின்றன. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசியில் இவற்றை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்: ஒரு குடும்பம் புரோட்டானைக் கூட்டிக்கொண்டு பாஸ்பேட்டை உள்ளே தள்ளும் வகை, இன்னொன்று சோடியத்தைக் கூட்டிக்கொள்ளும் வகை. வெளிச்சம் இருந்தால் ஆற்றல் தாராளம், வேகமும் கூடும். ஆனால் இருட்டிலும் இந்த வேலை நிற்பதில்லை.

வாசலில் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் நுழைய முடியும் என்பதால், வெளியே பாஸ்பேட் கூடக் கூட எடுக்கும் வேகமும் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் அதே வேகத்தில் நிற்கும். வசதியான காலத்தில் சாதாரண வாசல்கள் போதும். பஞ்சம் வந்தால் செல் வேறு வகை வாசல்களைத் திறக்கிறது. இவை தண்ணீரில் மிகச் சொற்பமாக இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடந்த செல்லுக்குத் திடீரென்று பாஸ்பேட் கிடைத்தால் அது அன்றாடத் தேவையைப்போலப் பல மடங்கு வேகத்தில் அள்ளும். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவன் கதைதான்.

இந்தப் பஞ்சகால ஏற்பாட்டை ஆட்டிவைக்கும் ஒரு மரபணுவை 1999இல் கிளாமிடோமோனாஸில் கண்டுபிடித்தார்கள். பிஎஸ்ஆர்1 என்று பெயர். பாஸ்பரஸ் குறையும்போது எந்தெந்த மரபணு விழிக்க வேண்டும் என்று உத்தரவிடுவது அதன் வேலை. அதன் உறவுக்கார மரபணு இரண்டு வருடம் கழித்துப் பூக்கும் செடியில் கண்டறியப்பட்டது. நெல்லின் வேரிலும் இதே குடும்பம்தான் மணிச்சத்துப் பஞ்சத்தைச் சமாளிக்கிறது. பாசியைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

பஞ்சகாலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீரில் ஒற்றை பாஸ்பேட் இல்லாவிட்டாலும், செத்த செல்கள், மீன் கழிவு, இலைக்குப்பை இவற்றிலிருந்து வந்த கரிமச் சேர்மங்களில் பாஸ்பேட் மாட்டிக்கொண்டிருக்கும். அப்படியே அதை விழுங்க முடியாது. பாசி பாஸ்பட்டேஸ் என்ற நொதியைச் செல்லின் மேற்பரப்பிலும் வெளியிலும் விடுகிறது. அது கத்தரிக்கோல்போலப் பாஸ்பேட்டை மட்டும் வெட்டி விடுவிக்க, பாசி அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உங்கள் லேப் செய்தது மாலிப்டினம் சேர்த்து நீல நிறம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையாகத்தான் இருக்கும். அது முக்கியமாகக் கரைந்த ஒற்றை பாஸ்பேட்டைக் காட்டும். கரிமப் பொருளோடு ஒட்டியிருப்பதும் பாசிக்குள் இருப்பதும் அதில் பெரும்பாலும் தெரியாது.

அப்புறம் பதுக்கல். அரிசி மலிவாக இருக்கும் மாதத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிக் குதிரில் போடுவார்கள் அல்லவா? பாசியும் கிடைக்கும்போது தேவைக்கு மேல் பாஸ்பேட்டை வாங்கி, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து பாலிபாஸ்பேட் ஆக்கி, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கிறது. டொலுயிடின் நீலம் என்ற சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் நீலமாக இருக்க, இந்த மணிகள் மட்டும் செவ்வூதாவாகத் தெரியும். பாசிக்கு மணி இல்லை என்று மேலே சொன்னேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குதிர் எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு செல் உயிரோடு இருக்கத் தேவையான குறைந்தபட்சத்தைப்போல எட்டு மடங்கு பாஸ்பரஸ் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய கற்பனை இல்லை, வயிறு நிறைந்த பாசிக்கு இது சாதாரணம். செல் இரண்டாகப் பிரியும்போது இருப்பும் சரிபாதியாகப் பங்கு போடப்படும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். அதாவது வெளியிலிருந்து ஒரு துளி பாஸ்பேட் வராமலே குட்டையில் பாசி எட்டு மடங்காகலாம். நீங்கள் டிஏபியை நிறுத்திய நாளன்று பாசியின் குதிர் நிறைந்திருந்தது. 1968இல் ட்ரூப் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கதியை ஒரு சமன்பாடாக்கினார்: வளர்ச்சி வேகம் வெளியே இருக்கும் சத்தைப் பொறுத்ததல்ல, செல்லுக்குள் இருக்கும் இருப்பைப் பொறுத்தது. அவர் ஆராய்ந்தது கடல் பாசி ஒன்றும் வைட்டமின் பி12ம். ஆனால் பாஸ்பரஸுக்கும் அந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பியவன் அல்ல, அடிபட்டு நம்பியவன். ஆரம்பகாலத்தில் மாணவர்களுக்காக 'பாஸ்பரஸ் இல்லாத ஊடகம்', அதாவது பாசி வளர்க்கும் சத்துக் கரைசல், தயாரித்து அதில் செனிடெஸ்மஸை விட்டேன். இரண்டே நாளில் வெளிறும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் ஆகியும் குடுவை ஜம்மென்று பச்சையாக வளர்ந்து நின்றது. பின்பெஞ்சில் ஒருவன் "சார், பாசி உங்க பேச்சைக் கேக்கலை" என்றான். இரண்டு தப்பு செய்திருந்தேன். சத்து நிறைந்த ஊடகத்தில் வளர்ந்த பாசியை அப்படியே எடுத்து விட்டேன், அது தன் குதிரோடு வந்துவிட்டது. இரண்டாவது, குடுவைகளைச் சோப்புத்தூளால் கழுவியிருந்தேன். அந்தக் காலச் சோப்புத்தூள்களில் பாஸ்பேட் தாராளம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமே அவற்றுக்கு விருந்து. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, பாசியையும் முதலில் சில நாள் பட்டினி போட்டு விட்ட பிறகுதான் பாடம் நடந்தது.

குதிர் காலியான பிறகும் பாசி உடனே சாவதில்லை. முதலில் ரைபோசோம்களைக் குறைத்து அந்த பாஸ்பேட்டை வேறு வேலைக்குத் திருப்புகிறது. சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கந்தகம் சேர்ந்த லிப்பிட்டை வைக்கிறது. பாஸ்பரஸ் பஞ்சத்துக்குக் கந்தகத்தால் ஒட்டுப்போடுவது என்று சொல்லலாம். செல் பிரிவது நிற்கும். ஆனால் வெயில் இருக்கிறது, கார்பனும் கிடைக்கிறது, வரும் சர்க்கரையை என்ன செய்வது? மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் சேர்த்து வைக்கும். ஆகவே குட்டை பச்சையாக இருப்பதும் குட்டையில் பாசி வளர்வதும் ஒன்றல்ல. மூன்று வாரமாக அதே பச்சை என்றால், பெருகாமல் சும்மா காத்திருக்கும் கூட்டமாகக்கூட இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். பண்ணைக்குட்டையில் இன்னொரு பெரிய கிட்டங்கி இருக்கிறது, அடிச்சேறு. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். அது பாஸ்பேட்டை இறுகப் பிடிக்கும். மலை உச்சியில் இந்த வேலையை அலுமினியமும் சேர்ந்து செய்கிறது. சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறை யுகக்கணக்காக மழையில் கரைந்து, மேலே பாக்சைட் படிந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை வெட்டித்தானே மேட்டூருக்கு அலுமினியத்துக்காகக் கொண்டுபோனார்கள். அலுமினிய, இரும்பு ஆக்சைடுகள் நிறைந்த மண்ணைத் தாண்டி வரும் மலை ஊற்று நீரில் பாஸ்பேட் குறைவாக இருப்பது இயல்பு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சிற்றோடைகளில் மிதவை நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பிளாங்க்டன் வலை போட்டால் எனக்கு அதிகம் கிடைப்பவை டெஸ்மிட்கள்: இரண்டு பாதியாக, கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்த வடிவில் இருக்கும் அழகான பச்சைப்பாசிகள். சத்துக் குறைந்த மென்னீரை விரும்புபவை. அதே தண்ணீர் கீழே இறங்கி, ஊர்ச் சாக்கடையைச் சேர்த்துக்கொண்டு திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் ஓடும்போது வலையில் விழும் கூட்டமே வேறு.

இரும்பின் பிடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரைதான் அது பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்து ஏரிகளில் மார்ட்டிமர் 1941, 1942 ஆண்டுகளில் காட்டியது இது: அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேறு நிலைக்கு மாறிக் கரைகிறது, கூடவே பாஸ்பேட்டும் வெளியே வருகிறது. உங்கள் குட்டையில் அடர்ந்த பாசி ராத்திரி முழுக்க மூச்சுவிட்டு ஆக்சிஜனைக் குடிக்கும், அடிச்சேறும் அழுகும். விடியற்காலை நான்கு மணிக்குச் சேற்றை ஒட்டிய தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். பகலில் வேறு கதை: பாசி கார்பன் டைஆக்சைடை இழுத்துவிடுவதால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) ஒன்பதைத் தாண்டும், அப்போதும் இரும்பிலிருந்து கொஞ்சம் பாஸ்பேட் கழன்று வரும். மீன்கள் சேற்றைக் கிளறுவது வேறு. இத்தனை நாள் போட்ட டிஏபியில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை, கீழே படுத்திருக்கிறது.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீதம் என்று எழுதியிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில். தனிமமாகப் பார்த்தால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். சராசரிப் பாசியில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கிராம் பாஸ்பரஸால் நூறு கிராமுக்கு மேல் உலர்ந்த பாசி உருவாகலாம். ஒரு மூட்டைக்கு ஒரு டன்னுக்கும் மேல். அதுவும் காய்ந்த எடை! மற்ற சத்துகளும் வெளிச்சமும் கிடைத்தால்தான் இந்த அளவு வரும், ஆனால் கார்பன் காற்றிலிருந்தே வந்துவிடும். பாஸ்பரஸ் அப்படிக் காற்றில் வராது, போவதும் இல்லை. 1973இல் கனடாவில் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியை நடுவில் திரைபோட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போன பாதி மட்டும் பச்சையாகத் திரண்டது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த ஏரியில் திரண்டது நீலப்பச்சைப்பாசி, நாம் பேசும் பச்சைப்பாசி அல்ல. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். ஒரு பாட்டிலில் அள்ளி, நிழலில் ஆடாமல் ஒரு நாள் வையுங்கள். மேலே ஆடைபோலத் திரண்டு மிதந்தால், பெயிண்ட் கொட்டியதுபோல இருந்தால், அது பெரும்பாலும் நீலப்பச்சை. அவற்றில் சில நஞ்சு உள்ளவை, மாடு குடிக்கவிடாதீர்கள். குச்சியில் சுற்றினால் நூலாகத் தொங்கினால் ஸ்பைரோகைரா போன்ற இழைப் பச்சைப்பாசி. தண்ணீர் முழுக்கச் சீராகப் பச்சையாக நின்றாலோ மெதுவாக அடியில் படிந்தாலோ செனிடெஸ்மஸ், குளோரெல்லா வகையறா. பாஸ்பேட் போட்டியில் இந்தப் பொடிசுகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு, உடல் சிறிதானால் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு அதிகம், வாசல்களும் அதிகம். பெரிதாகப் பந்துபோல இருக்கும் வால்வாக்ஸுக்கு வேறு தந்திரம்: மொசாம்பிக்கில் கஹோரா பாசா நீர்த்தேக்கத்தில் அது இரவில் பல மீட்டர் ஆழத்துக்கு நீந்தி இறங்குவதையும் பகலில் வெயிலுக்கு மேலே வருவதையும் பார்த்திருக்கிறார்கள். கீழே பாஸ்பேட் இருக்கிறது, மேலே வெளிச்சம் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் இரண்டும் ஒரே ஆள் பார்ப்பதுபோல.

இப்போது என்ன செய்வது? மயில்துத்தம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பாசி செத்தால் அதற்குள் இருந்த பாஸ்பேட் முழுக்கத் தண்ணீருக்கே திரும்பும், செத்தது அழுகி ஆக்சிஜனைத் தின்னும், சேறும் தன் பங்கைக் கக்கும். தாமிரம் மீனுக்கும் ஆகாது. பாஸ்பரஸைக் குட்டையை விட்டு வெளியேற்ற முக்கியமாக மூன்று வழி: மீனாகப் பிடித்து விற்பது, இழைப்பாசியை வாரி எடுத்துத் தென்னைக்குப் போடுவது, கோடையில் வற்றும்போது சேற்றை அள்ளுவது. ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடித்த நம் தாத்தாக்கள் மணிச்சத்தைத் திரும்ப நிலத்துக்கே கொண்டுபோனார்கள், டிஏபி மூட்டை வாங்காமலே. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான், செலவு மட்டும் முதுகுக்கு.

உங்கள் பச்சை கெட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். கட்லா, ரோகுக் குஞ்சுகளின் சாப்பாடு அந்தப் பச்சையில்தான் தொடங்குகிறது. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் அளவான பாசி. மணிக்கட்டு நனையும்போதே மறைந்துவிட்டால் அதிகம், தீவனத்தைக் குறையுங்கள். தீவனத்திலும் பாஸ்பரஸ் இருக்கிறது, மீன் உடம்பில் சேர்வது அதில் ஒரு பங்குதான்.

பாசி உண்மையிலேயே பட்டினியில் இருக்கிறதா, அதன் குதிரில் இன்னும் இருப்பு இருக்கிறதா என்று தெரிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிறமில்லாத மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களில் குட்டைத் தண்ணீரைச் சேறு கலக்காமல் பிடியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் ஒரே ஒரு யூரியா குருணை. இன்னொன்றில் சூப்பர் பாஸ்பேட் கரைத்துத் தெளிந்த நீர் சில சொட்டு. மூடியைத் தளர்வாக வைத்து, பாட்டில் சூடேறாதபடி காலை வெயில் மட்டும் படும் இடத்தில் பத்து நாள் வையுங்கள். அதற்கு முன்னால் எடுக்காதீர்கள், குதிர் காலியாக நாள் வேண்டும். பாஸ்பேட் பாட்டில் மட்டும் கரும்பச்சையாகி மற்றவை வெளிறினால் பாசி உண்மையிலேயே பட்டினியில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பாஸ்பரஸ் போதுமான அளவு அதன் வயிற்றில் இருக்கிறது, கட்டுப்படுத்துவது வேறு ஏதோ.

கூடவே அடுத்த முறை லேப்பில் 'மொத்த பாஸ்பரஸ்' என்று கேட்டு வாங்குங்கள். அதில் தண்ணீரைப் பாசியோடு சேர்த்து அமிலத்தில் வேகவைத்து உள்ளே இருப்பதையும் கரைத்த பிறகுதான் அளப்பார்கள். லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஏரிகளைச் சத்து மிகுந்தவை என்று வகைப்படுத்துகிறார்கள், மீன் வளர்க்கும் குட்டையில் அதைவிடப் பல மடங்கு வந்தாலும் பதற வேண்டாம். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். பாஸ்பேட்டாகக் கொடுத்திருக்கிறார்களா, பாஸ்பரஸாகக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்.